வைத்தியரைக் காண்பதா, வைத்தியரின் படத்தைக் காண்பதா?

நாட்டிலே இன்று ஒரு புதிய உபதேசம் நடைபெற்று வருகின்றது. இனிமேல் நோயாளி வைத்தியசாலையைத் தேடிப் போக வேண்டியதில்லையாம். வைத்தியரே கைத்தொலைபேசிக்குள் வந்து குடியிருக்கின்றாராம். விளம்பரங்கள் இதனைப் பாடுகின்றன. கருத்தரங்குகள் இதற்குத் தாளம் போடுகின்றன. குளிரூட்டிய மண்டபங்களிலே கூடியிருப்போர், "மக்கள் இணையவழி ஆலோசனையையே விரும்புகின்றனர்" என்று தீர்ப்பும் எழுதிக் கையொப்பமும் இட்டுவிடுகின்றனர்.

எந்த மக்கள்? எந்த ஊர் மக்கள்? அவர்களைக் கேட்டவர் யார்? கேட்டபோது எந்த மொழியிலே கேட்டனர்? இக்கேள்விகளுக்கு விடை கிடைக்கும்வரை அத்தீர்ப்பினை நாம் ஏற்பதற்கில்லை.

எதிர்த்தரப்பிலே நின்றுகொண்டு, "நாடி பிடித்துப் பாராதவன் வைத்தியனே அல்லன், தொலைபேசி வைத்தியம் வெறும் ஏமாற்று" என்று கையை உதறிவிடுவோரும் நம்மவரிடையே உள்ளனர். அவர்களுடைய வாதத்தையும் நாம் ஏற்பதற்கில்லை. இரு சாராரும் நோயாளியின் பெயராற் பேசுகின்றனர். இரு சாராருமே நோயாளியைப் பேசவிடவில்லை. இதுவே நமது வழக்கு.

மதுரங்குளியிலிருந்து பார்த்தால்

கொழும்பிலிருந்து சிலாபம் வழியாகப் புத்தளம் செல்லும் நெடுவீதியிலே உள்ளது மதுரங்குளி. அயலிலே கடையாமோட்டை, விருதோடை, கனமூலை, நல்லாந்தழுவை, புழுதிவயல் எனத் தமிழ் பேசும் ஊர்கள். தென்னையை நம்பியிருப்போர், களப்பிலே வலை வீசுவோர், இறால் வளர்ப்போர், மரக்கறித் தோட்டம் செய்வோர், ஆசிரியர், எழுதுவினைஞர், சிறு வியாபாரிகள் ஆகிய எல்லோரும் இங்கே வாழ்கின்றனர். 1990ஆம் ஆண்டு ஒக்டோபரிலே விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிற் பெருந்தொகையினர் தஞ்சம் புகுந்ததும் இப்புத்தளம் மாவட்டத்திலேதான்.

இப்பகுதியிலுள்ள தோட்டக்காரர் ஒருவருக்குச் சீனி வியாதி என்று வைத்துக்கொள்வோம். கிளினிக் நாளன்று விடிவதற்கு முன்னர் எழுந்து, புத்தளத்துக்கோ சிலாபத்துக்கோ பஸ் ஏற வேண்டும். இலக்கம் எடுக்க வேண்டும். கிளினிக் கொப்பியைக் கையிலே பிடித்துக்கொண்டு வாங்கிலே காத்திருக்க வேண்டும். வைத்தியர் பார்ப்பது சில நிமிடம். பின்னர் மருந்துக்கு இன்னொரு வரிசை. வீடு வந்து சேரும்போது வெயில் சாய்ந்துவிடும். தோட்டத்துக்குத் தண்ணீர் விடவில்லை. அன்றைய கூலியும் இல்லை. துணைக்கு வந்த மகனுடைய கூலியும் அதனோடு போயிற்று. அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கும் குளிசைக்கு அந்த ஏழை செலுத்தும் விலை இது! எந்தப் பற்றுச்சீட்டிலும் இவ்விலை எழுதப்படுவதில்லை.

இத்தகைய மனிதர் ஒருநாள் கைத்தொலைபேசியிலே வைத்தியரோடு பேசிவிட்டால், "பார்த்தீர்களா, கிராமத்து விவசாயியும் இணையவழியையே விரும்புகின்றான்!" என்று கணக்கெழுதுகின்றனர். பசித்தவன் முன்னால் பழஞ்சோற்றை மட்டும் வைத்துவிட்டு, "இவன் பழஞ்சோற்றுப் பிரியன்" என்று எழுதுவது போன்றதன்றோ இது? அவர் விரும்பியது இணையத்தை அன்று. ஒரு நாட்கூலியை இழவாதிருக்க விரும்பினார், அவ்வளவே.

இதன் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. வைத்தியசாலை வாங்கிலே காத்திருக்கும் முதியவர் எல்லோரும் நேரிற் காண்பதையே விரும்பி வந்தவர்கள் என்று எண்ணுவதும் பிழையாகும். அவரிடம் திரையுள்ள தொலைபேசி இல்லாதிருக்கலாம். இருந்தும் டேட்டா போடக் காசில்லாதிருக்கலாம். டேட்டா இருந்தும் செயலியின் எழுத்து அவருக்குப் புரியாத மொழியில் இருக்கலாம். வேறு கதவு திறக்காதவன் திறந்த கதவால் வருவதை விருப்பம் என்று சொல்லக் கூடாது. விருப்பம் என்பது இரண்டு கதவுகளும் திறந்திருக்கும்போதுதான் பிறக்கும்.

கை தொட்டே அறிய வேண்டியவை

உடலைத் தொடாமல் அறிய முடியாத நோய்கள் உண்டு. இதனை மறைத்து வியாபாரம் செய்வது பாவம்.

நமது பகுதிக்கு நன்கு பழக்கமான டெங்குக் காய்ச்சலையே எடுத்துக்கொள்வோம். காய்ச்சல் தணிந்தவுடன் வீட்டார் மகிழ்ச்சி அடைகின்றனர். ஆனால் பலருக்கு ஆபத்து ஆரம்பிக்கும் வேளையே அதுதான். இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கினால், நாடி மெலியும், இரத்த அழுத்தத்தின் மேலெண்ணும் கீழெண்ணும் ஒன்றையொன்று நெருங்கும், கைகால் குளிரும். இதனை அறிவதற்கு இரத்தத்தை மீண்டும் மீண்டும் பரிசோதிக்க வேண்டும். கையைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கண்ணாடித் திரையிலே குளிர் தெரியுமா? "பிள்ளை தூங்குகின்றது" என்று தாய் சொல்வாள். அது தூக்கமா, மயக்கமா என்பதைத் திரை சொல்லுமா?

வயிற்றின் வலது அடிப்பக்கத்திலே வலி என்றால், வைத்தியரின் விரல்கள் அங்கே அழுத்திப் பார்த்தே குடல்வாலின் அழற்சியை ஐயுறுகின்றன. சீனி வியாதிக்காரரின் பாதத்திலே உணர்ச்சி குன்றியிருப்பதை, மெல்லிய இழையால் தொட்டுப் பார்த்தே கண்டுபிடிக்கின்றனர். அவர் தாமாக முறைப்பாடு செய்யமாட்டார். நோவு தெரியாதிருப்பதே அங்கே நோய். நெஞ்சிலே சளியின் ஒலி, மார்பிலே கட்டி, கர்ப்பிணியின் வயிற்றிலே குழந்தையின் நிலை ஆகிய இவையெல்லாம் கைக்கும் காதுக்கும் உரிய அறிவு. தென்னந்தோட்டத்திலே பாம்பு கடித்தவருக்கோ பேச்சே வேண்டியதில்லை; தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டுபோவதே வேண்டியது.

இவற்றை விற்பனைப் பட்டியலிலே சேர்த்து, "எல்லா நோய்க்கும் இருந்த இடத்திலேயே வைத்தியம்" என்று கூவுவோர், மக்களின் உயிரோடு விளையாடுகின்றனர் என்று பகிரங்கமாகவே கூறுகின்றோம்.

குரலே போதுமானவை

அதேவேளை, நேர்மையுள்ள எவரும் இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பரிசோதனை அறிக்கையைக் காட்டி விளக்கம் கேட்பதற்காக ஒரு நாளைத் தொலைக்க வேண்டியதில்லை. பல வருடம் ஒரே வைத்தியரிடம் காட்டி, அழுத்தமும் சீனியும் கட்டுப்பட்டிருப்பவர், ஒவ்வொரு முறையும் பஸ் ஏற வேண்டியதில்லை. மனநோய்க்கு ஆலோசனை பெற வெட்கப்படும் இளைஞன், சந்தியிலே எல்லோரும் பார்க்கக் கிளினிக்குக்குப் போவதைவிட, தன் அறையிலிருந்து பேசுவதையே நாடக்கூடும். பெண் வைத்தியரிடம் மட்டுமே மனம்விட்டுப் பேசக்கூடிய தாய்மார் நம்மிடையே ஏராளம். அயலிலே பெண் வைத்தியர் இல்லையாயின், தொலைவிலுள்ள பெண் வைத்தியரின் குரல் அவர்களுக்குப் பெரிய ஆறுதலாகும்.

ஆனால் இங்கேயும் ஓர் எச்சரிக்கை. வீட்டிலே ஒரே ஒரு தொலைபேசி. அது கணவனின் கையிலோ மகனின் கையிலோ இருக்கின்றது. அந்தப் பெண் யாருக்கு முன்னால் பேசுவாள்? வைத்தியரின் அறைக் கதவைச் சாத்தலாம். ஓரறை வீட்டிலே எந்தக் கதவைச் சாத்துவது? இரகசியத்தைக் காப்பதற்கு 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உண்டு. வீட்டுச் சுவருக்கு அச்சட்டம் செல்லாது!

மொழி இல்லாத வைத்தியம்

நான் கண்ணாற் கண்டது ஒன்று. பெயர் குறிப்பிட விரும்பாத ஒரு வைத்தியசாலையிலே, தமிழ் மட்டும் தெரிந்த ஒரு தாய் வைத்தியரின் முன்னால் அமர்ந்திருந்தார். வைத்தியருக்குத் தமிழ் தெரியாது. கெட்டவர் அல்லர், பொறுமையுள்ளவரே. தாயோடு வந்த பத்து வயதுப் பேரன் மொழிபெயர்த்தான். தாயின் துன்பமோ பெண்களுக்கே உரிய துன்பம். பேரனிடம் அதனை எப்படிச் சொல்வார்? "வயிற்றுவலி" என்றார். பேரன் "வயிற்றுவலி" என்றான். வயிற்றுவலிக்குக் குளிசை கிடைத்தது. நோய் அப்படியே வீடு திரும்பியது.

நேரிற் காண்பதே மேன்மை என்று மார்தட்டுவோரை நாம் கேட்கின்றோம்: இது நேரிற் கண்ட வைத்தியந்தானே? முகத்துக்கு முகம் இருந்தார்கள். மூன்றடி தூரமும் இல்லை. ஆயினும் அவ்விருவருக்குமிடையே கடல் கிடந்தது. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ இருக்கும் தமிழறிந்த பெண் வைத்தியர் ஒருவர் திரையிலே தோன்றியிருந்தால், அத்தாய்க்கு அவரே அருகில் இருப்பவர் ஆகியிருப்பார்.

1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டம் இந்நாட்டிலே எத்தகைய சுவரை எழுப்பிற்று என்பதை யாம் மறந்தோமில்லை. 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழி என்றது. 1988ஆம் ஆண்டின் 16ஆம் திருத்தம், வடகிழக்குக்கு வெளியே வாழ்வோரும் அரச அலுவலகத்தோடு தமிழிலே தொடர்புகொள்ளும் உரிமையை எழுதிவைத்தது. ஏட்டிலே உரிமை இருக்கின்றது. வைத்தியரின் மேசையிலே அது இருக்கின்றதா? புத்தளத்துத் தமிழ் பேசும் மக்கள் வடமேல் மாகாணத்திலே வாழ்வதனால், அவர்களின் நோவு சிங்களத்திலே நோவதில்லை!

ஆகவே தொலைத்தொடர்பு நமக்குப் பகையன்று. மொழிச் சுவரைத் தாண்டுவதற்கு அது நல்ல ஏணி. ஆனால் ஏணியைக் காட்டிச் சுவரை நிரந்தரமாக்க முயல்வோரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். "தமிழ் வைத்தியர் தொலைபேசியிலே இருக்கின்றார்; ஆதலால் வைத்தியசாலைக்குத் தமிழறிந்தவரை நியமிக்கத் தேவையில்லை" என்ற வாதம் நாளை எழும். எழுமுன்னரே அதனை மறுத்துவைக்கின்றோம்.

தொலைபேசிக்குப் பின்னால் நிற்பது யார்?

தொலைவிலிருந்து வைத்தியம் சொல்வது நேற்றைய அதிசயம் அன்று. அவுஸ்திரேலியாவின் வனாந்தரப் பகுதிகளிலே ஜோன் பிளின் என்ற பாதிரியார் 1928ஆம் ஆண்டிலே பறக்கும் வைத்தியர் சேவையை ஆரம்பித்தார். மறு ஆண்டிலே, காலால் மிதித்து மின்சாரம் பெறும் வானொலிக் கருவி பண்ணைகளுக்கு வந்தது. 1942 முதல், இலக்கமிட்ட மருந்துகள் அடங்கிய பெட்டிகள் பண்ணைகளிலே வைக்கப்பட்டன. வைத்தியர் வானொலியிலே கேட்பார். "இன்ன இலக்க மருந்தைக் கொடு" என்பார். அது போதாதென்று கண்டால் விமானத்திலே புறப்பட்டு வருவார். அதன் வெற்றியின் இரகசியம் யாது? வானொலிக்குப் பின்னால் விமானம் நின்றது. மருந்துப் பெட்டியும் அங்கேயே இருந்தது. பேச்சு, சேவையின் முதற்படியாக இருந்ததேயன்றிச் சேவைக்குப் பதிலாக இருக்கவில்லை.

நம் நாட்டிலேயே சான்று உண்டு. இந்திய உதவியோடு 2016ஆம் ஆண்டு மேல், தென் மாகாணங்களிலே தொடங்கிப் பின்னர் நாடெங்கும் பரவிய 1990 'சுவசெரிய' அம்புலன்ஸ் சேவையை மக்கள் ஏன் நம்புகின்றனர்? அழைத்தால் குரல் மட்டும் வருவதில்லை; வண்டியும் வருகின்றது. 2021ஆம் ஆண்டிலே கொரோனா நோயாளரை வீட்டிலே வைத்துப் பராமரித்தபோது 1390 என்ற இலக்கம் உதவிற்று. நிலை மோசமானால் ஏற்றிச்செல்ல வைத்தியசாலை ஒன்று இருந்தமையாலேயே அதற்கும் பொருள் இருந்தது.

மதுரையிலே டாக்டர் கோ. வெங்கடசாமி 1976ஆம் ஆண்டு ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமங்களிலே சிறிய பார்வை மையங்களை நடத்துகின்றது. அங்கே பயிற்சி பெற்ற பணியாளர் நோயாளியின் கண்ணைக் கருவியாற் பரிசோதிக்கின்றார். தொலைவிலுள்ள கண் வைத்தியர் அதனைப் பார்த்து, நோயாளியோடு பேசி முடிவு சொல்கின்றார். நோயாளியின் பக்கத்திலே ஒரு மனிதக் கை. தொலைவிலே ஒரு தேர்ந்த அறிவு. இந்திய அரசின் 'இ-சஞ்சீவனி'யிலும் இவ்வழி உண்டு: வீட்டிலிருந்து பேசலாம், கிராமச் சுகாதார நிலையத்திலே பணியாளர் அருகிலிருக்கவும் பேசலாம். தமிழ்நாட்டிலே 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டமோ, அழுத்தத்துக்கும் சீனி வியாதிக்கும் உரிய மருந்தோடு பணியாளரை வீட்டு வாசலுக்கே அனுப்புகின்றது.

நேரா, இணையமா என்று இரண்டே வழிகளைக் காட்டி நம்மைச் சண்டையிட விடுகின்றார்களே, இந்த மூன்றாவது வழியை ஏன் பேசுவதில்லை? அதற்குக் கிராமத்திலே ஆளை நியமிக்க வேண்டும்; சம்பளம் கொடுக்க வேண்டும். செயலிக்கு விளம்பரம் செய்தால் போதும். வேற்றுமை இதுதான்!

பிரித்தானியா கற்ற பாடம்

2020ஆம் ஆண்டிலே கொள்ளைநோய் வந்தபோது, பிரித்தானியக் குடும்ப வைத்தியர்கள் பெரும்பாலும் தொலைபேசிக்கு மாறினர். அச்சம் தணிந்த பின்னரும் கதவுகள் முழுமையாகத் திறக்கவில்லை என்று மக்கள் குரல் எழுப்பினர். 2021ஆம் ஆண்டு மே மாதத்திலே இங்கிலாந்தின் சுகாதார சேவை நிர்வாகம் வைத்தியர்களுக்கு எழுத்திலே அறிவுறுத்தியது: நேரிற் காணும் வசதி எல்லா இடத்திலும் இருக்க வேண்டும்; தகுந்த வைத்தியக் காரணம் இருந்தாலன்றி, நேரிற் காண விரும்பும் நோயாளியின் விருப்பத்துக்கு மதிப்பளிக்க வேண்டும். இணையம் தாராளமாக உள்ள செல்வ நாட்டிலேயே இந்நிலை. வெள்ளம் வந்தால் வீதியும் மின்சாரமும் தொலைபேசிச் சைகையும் ஒன்றாகவே அறுந்துபோகும் நம் நாட்டிலே, ஒரே கதவை நம்பி எவ்வாறு இருப்பது? 2025 நவம்பரிலே வந்த டித்வா சூறாவளி கற்பித்த பாடம் அதற்குள் மறந்துபோயிற்றா?

வெற்றுக் கதிரைக்குத் திரைச்சீலை

நமது உண்மையான அச்சத்தை இனிச் சொல்லிவிடுகின்றோம். 2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியின்பின் நம் வைத்தியர்களிற் பலர் கடல் கடந்து சென்றுவிட்டனர். கதிரைகள் வெறுமையாயின. வெற்றுக் கதிரையை நிரப்புவது கடினம். அதன்மீது ஒரு திரையை நிறுத்துவது எளிது. பணமுள்ள நகரத்தானுக்கு இணையம் ஒரு மேலதிக வசதி. வேண்டுமானால் மறுநாளே நேரிற் சென்று காட்டுவான். கிராமத்தானுக்கு அதுவே முழு வைத்தியமும் ஆகிவிட்டால், இலவச வைத்தியம் என்ற நம் நாட்டின் பெருமை பெயரளவிலேதான் மிஞ்சும்.

1934, 35ஆம் ஆண்டுகளிலே மலேரியாக் கொள்ளைநோய் இத்தீவிலே ஏறத்தாழ 80,000 உயிர்களைக் குடித்தது. அப்பேரழிவிலிருந்து ஆட்சியாளர் கற்ற பாடம், கிராமத்துக்கு மருந்துச்சாலையும் வைத்தியமும் போய்ச்சேர வேண்டும் என்பதே. குடும்பநல மாது வீடு வீடாக நடந்து சென்றதனாலேயே, தாய்மாரின் பிரசவ மரணத்தைக் குறைத்த நாடு என்று உலகம் நம்மைப் புகழ்கின்றது. கால்கள் நடந்து பெற்ற வெற்றி அது. விரல்கள் தட்டி அதனை இழந்துவிடலாகாது.

நாம் கேட்பவை

முதலாவதாக, எந்த நோயாளிக்கும் தெரிவு இருக்க வேண்டும். நேரிற் காண வேண்டும் என்பவனைத் தொலைபேசிக்குத் திருப்பி அனுப்பலாகாது. தொலைபேசியிலே பேசலாம் என்பவனை வீணாக வாங்கிலே இருத்தலாகாது.

இரண்டாவதாக, புதிய நோய், குழந்தையின் காய்ச்சல், கர்ப்பம் ஆகியவற்றை முதலில் நேரிலேயே பார்க்க வேண்டும். எவை நேரிற் பார்க்க வேண்டியவை, எவை தொலைவிலே போதுமானவை என்பதைத் தெளிவான தமிழிலே ஒவ்வொரு செயலியிலும் ஒவ்வொரு கிராம வைத்தியசாலையிலும் எழுதிவைக்க வேண்டும்.

மூன்றாவதாக, கிராமத்து வைத்தியசாலையிலேயே ஒரு தனியறையும், பயிற்சி பெற்ற தமிழறிந்த தாதியும், அழுத்தமும் சீனியும் பார்க்கும் கருவியும், தொலைவிலுள்ள விசேட வைத்தியரோடு பேசும் திரையும் வேண்டும். கைத்தொலைபேசி இல்லாத முதியவருக்கும், வீட்டிலே தனிமை இல்லாத பெண்ணுக்கும் இதுவே வழி.

நான்காவதாக, திரை வந்ததைக் காரணங்காட்டி ஒரு வைத்தியர் பதவியோ, ஒரு தாதிப் பதவியோ, ஒரு மொழிபெயர்ப்பாளர் பதவியோ நீக்கப்படலாகாது.

நமக்கு நாமும் ஒரு சொல் சொல்லிக்கொள்ள வேண்டும். பழைய மருந்துத் துண்டைப் படம் பிடித்துக் குவைத்திலோ கனடாவிலோ உள்ள உறவினருக்கு அனுப்பி, அவர் சொன்ன நுண்ணுயிர்க்கொல்லியைப் பாமசியிலே வாங்கி விழுங்கும் பழக்கம் நம்மிடையே வளர்ந்துவிட்டது. அது இணையவழி வைத்தியமும் அன்று, நேர்வழி வைத்தியமும் அன்று, குருட்டு வைத்தியம். உரிமை கேட்கும் மக்கள் ஒழுங்கையும் கைக்கொள்ள வேண்டும்.

படித்த உத்தியோகத்தர்களே! உங்கள் தொலைபேசியிலே வைத்தியர் தோன்றும்போது, அடுத்த வளவிலே இருக்கும் கிழவியை நினையுங்கள். விவசாயிகளே! "எங்களுக்கு இது போதும்" என்று பிறர் உங்கள் பெயராலே கையொப்பமிட விடாதீர்கள். கிராம சங்கங்களிலும், பள்ளிவாயில்களிலும், கோயில் முன்றல்களிலும், தேவாலய வளவுகளிலும் கூடி, எந்த நோய்க்கு எந்த வழி வேண்டும் என்று உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். எழுதிச் சுகாதாரப் பணிமனைக்கு அனுப்புங்கள், தமிழிலேயே அனுப்புங்கள், தமிழிலேயே பதில் கேளுங்கள்.

வைத்தியரின் படத்தைக் காண்பதற்கு நாம் தடை சொல்லவில்லை. படத்துக்குப் பின்னால் வைத்தியர் இருக்க வேண்டும். வைத்தியருக்குப் பின்னால் வைத்தியசாலை இருக்க வேண்டும். அதன் கதவு மதுரங்குளியானுக்கும் திறக்க வேண்டும். எந்தக் கதவைத் தட்டுவது என்பதை நோயாளியே தீர்மானிக்கட்டும்!